ஊட்டு நெய்க்கு வரைந்த மலை

"இன்னுங் கொஞ்சம் சேப்புப் போடுங்க."

என் பிழைப்பில் இந்த ஒரு வார்த்தையைக் கேட்ட அளவுக்கு என் சொந்தப் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. மூக்குப்பொடி டப்பாவோ, வேட்டிக் கட்டின் மேல் ஒட்டுகிற டிக்கெட்டோ, நாடக நோட்டீசோ, எதை வரைந்து கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள். பிறகு கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பார்கள். அதுவும் போதாதென்று கடையில் நிற்கிற யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவார்கள். அந்த ஆள் புளி வாங்க வந்தவனாக இருப்பான். சும்மா போக மாட்டான், ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போவான். "லட்சுமிக்குப் பக்கத்துல ஒரு யானை இருந்தா எடுப்பா இருக்கும்." அவ்வளவுதான், மறுபடியும் முதலிலிருந்து வரைய வேண்டும். புளி வாங்கியவன் வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான், நான் யானைக்குத் தும்பிக்கை போட்டுக்கொண்டிருப்பேன்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு வரை நான் சேலத்தில் ஓர் அச்சாபீசில் படம் எழுதுகிற உத்தியோகத்தில் இருந்தேன். மாதச் சம்பளம், தலைக்கு மேல் ஓடு, உட்கார ஒரு நாற்காலி. நான் வரைவதை முதலாளி திருத்துவார். முதலாளி ஊரில் இல்லாவிட்டால் அவருடைய மைத்துனர் திருத்துவார். ஒரு நாள் நான் எழுதிக் காயப் போட்டிருந்த சரஸ்வதிக்கு அந்த மைத்துனர் தன் கையாலேயே பேனாவை எடுத்துக் கம்மல் மாட்டிவிட்டார். இரண்டு காதுக்கும் இரண்டு அளவு. மையை ஊதி ஊதிக் காயவைத்து, "இப்பத்தான் களை வந்திருக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷ்ஷைக் கழுவாமலே எழுந்து வந்துவிட்டேன்.

முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எரிச்சல். "தனியாப் போறியா? போயிட்டு வாப்பா. உன் நாற்காலியில வேற யாரையும் உட்கார வைக்க மாட்டேன். தானா வந்துடுவே" என்றார். பல் வலிக்காரனுக்குச் சொல்வது போல அவ்வளவு அன்பாகச் சொன்னார். அந்த அன்புக்காகவே திரும்பிப் போகக் கூடாது என்று மனசுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே ஒரு முதலாளியும் ஒரு மைத்துனரும்தான். வெளியே ஊருக்கு ஒரு முதலாளி, ஒவ்வொரு முதலாளிக்கும் நாலு மைத்துனர். ஒரு பழைய சைக்கிளில் அட்டையையும் வர்ணப் பெட்டியையும் கட்டிக்கொண்டு அயோத்தியாப்பட்டணம், ராசிபுரம், குமாரபாளையம் என்று வெயிலில் அலைந்தேன். நான் யார் என்று யாருக்கும் விளங்கவில்லை. "போர்டு எழுதறவருங்களா?" என்பார்கள். "வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பீங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. படம் வரைவேன், லேபிளுக்கு, நோட்டீசுக்கு என்றால், "ஓ, அதுங்களா, அதுக்குப் போயி ஆளு வெச்சு..." என்று பாதியில் நிறுத்திவிட்டு மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் குடித்த மோருக்கு அளவே கிடையாது.

நாற்காலியில்லாமல் நிற்கிறதில் உடம்பு இளைத்தது. கடை வாசலில் காத்திருக்கிறதில்தான் பெரும்பாலான பொழுது போயிற்று. "உட்காருங்க, இப்ப வந்துருவாரு" என்பார்கள். அந்த 'இப்ப' மத்தியானம் வரை நீளும். வந்தவர், "அடடா, உங்களை வரச் சொன்னேனா?" என்பார். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுத் திரும்புவேன். கோபக்காரனாகிய நான் சிரிக்கக் கற்றுக்கொண்டது அந்த வருஷம்தான். சிரித்துச் சிரித்தே களைத்துப் போனேன்.

என் மனைவி ஆத்தூர்ப் பக்கம், நானும் அங்கேதான். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "சித்திரை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நிலையா ஒரு வேலை வரலைன்னா, நீங்க போக வேணாம், நானே போயி அந்த மொதலாளி கிட்டச் சொல்லிட்டு வர்றேன், இவரைத் திரும்பச் சேத்துக்கங்கன்னு" என்றாள். சொன்னால் செய்கிறவள். அந்த நாற்காலியில் போய் நான் மறுபடி உட்கார்ந்து, மைத்துனர் பேனாவோடு வருவதை நினைத்துக்கொண்டு மறுநாள் விடியுமுன்பே சைக்கிளை எடுத்தேன். அச்சாபீசுக்குத் திரும்புவதா, என் கையை நம்பி நிற்பதா என்பது சித்திரைக்குள் தெரிய வேண்டும்.

மாசி மாதத்தில்தான் நெய்க்காரர் வந்தார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டி வாசலில் வேறொருவருக்காகக் காத்திருந்தேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துப் பண்ணையக்காரர் ஒருவர், நிலக்கடலை போட வந்தவர், என் கையிலிருந்த அட்டைகளைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். எங்களுக்குப் பக்கத்திலேயே தகரக்கடை. அங்கே ஓர் ஆள் டின்னைப் போட்டு அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பேசினோம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

"ஏனுங்க, படம் போடறவர் நீங்கதானுங்களா? நெய்யி டின்னுக்கு ஒட்டறாப்புல ஒண்ணு வேணுமுங்க."

"செய்துடலாங்க. என்ன பேர் போடணும்?"

"ஊட்டு நெய்ன்னு பெருசாப் போடுங்க. அது ஒண்ணு இருந்தாப் போதுமுங்க. அதைப் பார்த்துத்தான் சனங்க வாங்கோணும்."

"கலப்படம் எதுவும்..."

"ஒரு துளி கெடையாதுங்க சாமி! கண்ணால பார்த்து எடுத்ததுங்க."

படத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அது உங்க இஷ்டமுங்க" என்றார். என் காதையே நான் நம்பவில்லை. அச்சாபீசிலும் சரி, வெளியிலும் சரி, அந்த வார்த்தையை என்னிடம் சொன்ன முதல் மனிதர் அவர். சிவப்பு இல்லை, யானை இல்லை, லட்சுமி இல்லை. அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பேன்.

என் காதில் விழுந்த ஊட்டியை நான் கண்டதில்லை. ஆனால் மலை, குளிர், பசுமை என்று எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போய், ஏற்காட்டு மலையைப் பார்த்தபடி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். எந்த மலையும் தூரத்தில் நீலம்தானே! நீலத்துக்குப் பின்னால் நீலமாக மூன்று அடுக்கு போட்டேன். அடிவாரத்தில் பச்சை, நடுவில் ஒரு வெள்ளைப் பசு. எழுத்துதான் என் பெருமை. 'ஊட்டி நெய்' என்று வளைத்து எழுதி, 'டி'யின் மேல் சுழியை மேகத்தோடு மேகமாக இழுத்து, மலையைச் சுற்றிக் கீழே கொண்டுவந்து விட்டேன். அதைப் பார்த்து நானே ரொம்ப நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன். தனியாக வந்ததற்கு அன்று ஒரு நாள்தான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வேண்டும்.

நெய்க்காரர் அட்டையைக் கையில் வாங்கினதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நம்ம செங்கோட்டு மலையாட்டமே இருக்குதுங்க!" என்றார். மலைமேல் இருக்கிற சாமியை நினைத்துத்தான் ஒற்றிக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. என் வேலையைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பிறகு எழுத்தை விரலால் தடவி, "ஊட்டு நெய்" என்று அழகாக வாசித்தார். வளைத்த 'டி'யும் அவர் மனசில் இருந்த 'டு'வும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்திக்கொண்டன. அந்த நாளில் பல வர்ண லேபிளைப் படம் எழுதிச் சிவகாசிக்கு அனுப்பினால் அங்கே அச்சுக் கல்லில் ஏற்றி அடித்துக் கட்டாக ரயிலில் அனுப்புவார்கள். அப்படியே அனுப்பினேன், வந்தது, ஒட்டினார்கள்.

பங்குனி பிறந்து கொஞ்ச நாளில் மனிதர் நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏனுங்க, கடையில எல்லாம் ஊட்டி நெய், ஊட்டி நெய்ங்கறாங்களே, என்னங்க அது?"

"ஆமாங்க. நீங்க சொன்னதுதானே."

"நா எங்கீங்க சொன்னேன்? ஊட்டு நெய்ன்னல்லங்க சொன்னேன்."

"அதைத்தாங்க எழுதியிருக்கேன்."

"அட சாமி, அது இல்லீங்க. ஊடுங்க, ஊடு! இந்தா இது!" என்று என் வீட்டுச் சுவரை உள்ளங்கையால் அடித்தார். "என்ற ஊட்ல கடைஞ்சு காய்ச்சற நெய்யிங்க. ஊட்டு நெய்!"

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. என் மேல் தப்பில்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆத்தூர்ப் பக்கம் நாங்களும் 'வூடு' என்றுதான் சொல்வோம். ஆனால் உதட்டில் வகரம் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். இவர்கள் அதையும் துடைத்துவிட்டுப் பேசினால், பக்கத்தில் ஒருவன் தகரத்தை அடித்தால், நான் என்ன செய்வது? வீடு என்றால் வீடு என்று சொல்லக் கூடாதா மனுஷன்?

"சரிங்க, நடந்தது நடந்து போச்சு. நெய்யி என்னமோ போகுதுங்க, நல்லாத்தான் போகுது" என்றார் அவர் தலையைச் சொறிந்துகொண்டு. "ஆனா அவ ஒத்துக்க மாட்டேங்கறா."

அவர் மனைவியைச் சொன்னார். நெய் அந்த அம்மாவின் கைவேலை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் அந்த வீட்டு நெய்க்குத்தான் ஆள் அனுப்புவார்களாம். டின்னில் அடைத்துச் சேலத்தில் விற்பது என்று இவர் முடிவு செய்தபோது அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். என் பேரையா போடப் போறீங்க, ஊட்டுப் பேராச்சும் இருக்கட்டும், என்று. ஒரு பெண்பிள்ளை பெயரை டின்னில் அச்சடிப்பது அந்தக் காலத்தில் நினைக்கிற காரியம் இல்லை. வீடு என்ற ஒரு வார்த்தைக்குள் தன்னை வைத்துக்கொள்ள நினைத்தார். அதை எடுத்து நான் ஊட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

"வேற ஒண்ணு போட்டுக் குடுங்க. இல்லீனா அவ மத்தைத் தொட மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் அச்சாபீஸ் இருக்கிற தெரு வழியாக, ஒரு காரணமும் இல்லாமல், நடந்தேன். ஜன்னலுக்குள் என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மைத்துனர் அதன்மேல் துண்டைக் காயப் போட்டிருந்தார். உள்ளே போயிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். போகவில்லை. வைராக்கியம் என்று பெருமையாகச் சொல்ல முடியாது. படியேறக்கூடத் தெம்பில்லை, அதுதான் நிஜம்.

இரண்டாவது படத்தை என் செலவில்தான் செய்தேன். பஸ் பிடித்து, பிறகு வண்டித் தடத்தில் நடந்து அந்த வீட்டுக்கே போனேன். வீட்டைப் பார்த்து வரைந்தேன். ஓட்டு வீடு, முற்றம், தூணில் கட்டிய மத்து, ஓரத்தில் வழக்கம் போல ஒரு வெள்ளைப் பசு. அந்த அம்மா எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, பசு எதுக்குங்க? எங்களுது எருமைங்க."

"பசுன்னா லட்சணமா இருக்கும்மா. எல்லாரும் பசுதான் போடுவாங்க."

"பாலு அதுதானுங்களே குடுக்குது. அதைத்தான போடோணும்?"

இன்னும் சிவப்பு, இன்னும் பெரிசு, இன்னும் ஒரு லட்சுமி என்று கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இருக்கிறதைப் போடு என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். பசுவை அழித்துவிட்டு எருமையைப் போட்டேன். சாவகாசமாக அசைபோடுகிற எருமை. மேலே 'வீட்டு நெய்' என்று, குழந்தைகூடத் தடுக்காமல் வாசிக்கிற மாதிரி நேராக எழுதினேன். அந்த அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எங்க ஊடேதானுங்க" என்றார். சோறு உண்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார வைத்தார். என் ஆயுசில் நான் போட்டதில் எனக்கே பிடித்த படம் அது ஒன்றுதான்.

கடைக்காரர்கள் அதைத் தொடவில்லை.

அச்சாகி வந்த லேபிளை டின்னில் ஒட்டி எடுத்துக்கொண்டு நெய்க்காரரோடு நானும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். முதல் கடைக்காரர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போலி. எங்களுக்கு அசல் ஊட்டி நெய்தான் வேணும்" என்றார். அதே கைதான் கடைந்தது, அதே நெய்தான் என்று நெய்க்காரர் சத்தியம் பண்ணினார். "எருமைப் படத்தைக் காட்டி என்னை ஏமாத்தப் பார்க்கறீங்களா? மலைப் படம் போட்டது இருந்தாக் குடுங்க" என்றார் கடைக்காரர். இரண்டாவது கடைக்காரர் கொஞ்சம் நல்ல மனுஷர், விளக்கமாகச் சொன்னார். "வீட்டு நெய்ங்கறது எல்லார் வீட்டுலயும் இருக்குது. அதைக் காசு குடுத்து எதுக்கு வாங்கப் போறான்? ஊட்டின்னாத்தான் வாங்குவான்."

நெய்க்காரர் டின்னைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். எருமை லேபிள் கட்டு கட்டாக அப்படியே நின்றுபோயிற்று. சித்திரை பிறக்கிறதற்குள் மலை லேபிளைத் திரும்பவும் அடிக்கச் சொல்லிச் சிவகாசிக்கு எழுதியாயிற்று. மண்டித் தெருவில் பேச்சும் பரவியிருந்தது. ஊட்டி நெய்க்குப் படம் போட்டவர் யார் என்று நாமக்கல்லிலிருந்து ஒரு மூக்குப்பொடிக்காரர் தேடி வந்தார், ராசிபுரத்திலிருந்து ஒரு வெண்ணெய் வியாபாரி வந்தார். எல்லாருக்கும் மலைதான் வேண்டும். மூக்குப்பொடிக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற வயசை நான் தாண்டியிருந்தேன். என் மனைவி முதலாளியிடம் போகவில்லை. "பரவாயில்லையே, காது மந்தமா இருக்கிறதும் ஒரு நல்லதுக்குத்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு யாரிடமும் நான் கைகட்டி நிற்கவில்லை. யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் திண்டாடினபோதுகூட ஏதோ ஒரு மலை எனக்குச் சோறு போட்டது. சொந்தக் கையால் நின்றேன் என்று சொல்லிக்கொள்ள எல்லாத் தகுதியும் உண்டு. ஆனால் அதைச் சொல்ல வாயெடுக்கிற போதெல்லாம் அலுப்புத்தான் வருகிறது.

அந்தச் சித்திரையில், புதிதாக அடித்து வந்த மலை லேபிள் கட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்கு நானே போனேன். அனுப்பியிருக்கலாம். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்ன வார்த்தை என்று வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை.

முற்றத்தில் டின்களை வரிசையாக வைத்திருந்தார்கள். கூலிக்கு வந்த இரண்டு ஆட்கள் பெரிய பெரிய பானைகளிலிருந்து நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாடை அந்த வீட்டு நெய் வாடையாக இல்லை. மத்து தூணில் இல்லை. அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

"அம்மா, நான் வீட்டுப் படத்தைத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க. நீங்க நல்லாத்தான் போட்டீங்க" என்றார். முறத்தைக் கீழே வைத்தார். "நா இப்பக் கடையறதில்லீங்க. ஊர் ஊராப் போயி வெலைக்கு வாங்கியாந்து ஊத்தி அடைக்கறாங்க. எந்த ஊட்டு நெய்யோ, என்னவோ. உங்க மலைக்கு அது போதுமுங்க."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். கையிலிருந்த லேபிள் கட்டைப் படியோரம் இறக்கி வைத்தேன்.

அதற்குள் நெய்க்காரர் உள்ளேயிருந்து சந்தோஷமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். லேபிள் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அடுத்தாப்புல காப்பித்தூளு போடலாம்னு இருக்கறனுங்க. அதுக்கும் இதேயாட்டம் ஒரு மலை போட்டுக் குடுத்துருங்க, என்னங்க?"

அந்த அம்மா மறுபடி முறத்தைக் கையில் எடுத்திருந்தார். புடைக்காமல், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுடறேனுங்க" என்றேன். அந்த அம்மாவின் காதில் விழும்படிதான் சொல்ல வேண்டியிருந்தது.